ஒயரின் நீளம்

வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த ஆள், கடைசி அடுக்கைத் தோளில் சுமந்தபடி காருக்கும் கேட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து வந்தான்.

"சார், இந்த வண்டியை நகத்திடுங்க. நாங்களே ஒருக்களிச்சு ஒருக்களிச்சு வர்றோம். அவரை எடுத்துட்டுப் போற வண்டி எப்படி உள்ள வரும்?"

பெரியப்பா காரைப் பார்த்தார். காலையில் அதை இழுத்து வந்தவர்கள், கயிற்றை அவிழ்த்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூக்கு வாசலுக்குள்ளும் வால் தெருவிலுமாக நின்றது. கூரைமேல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் பலகை.

"மெக்கானிக் வந்துட்டிருக்கான்," என்றார் பெரியப்பா. "நேத்து நடு வழியில ஏன் நின்னுச்சுன்னு அவன் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் நகத்திக்கலாம்."

"தள்ளிடலாமே சார். நாலு பேர் இருக்கோம்."

"தெரியணும்ல?" பெரியப்பாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "என் தம்பி போயிட்டான்யா. எதனாலன்னு தெரிய வேண்டாமா?"

நாற்காலி ஆள் அடுக்கை இறக்கினான்.

தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு வாசற்படியில் நின்ற அவள், இறந்தவரின் மகள், திரும்பிக் கூடத்துக்குள் பார்த்தாள். அவள் தம்பிக்கும் அது கேட்டிருந்தது. அப்பாவின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். நேற்று மாலையிலிருந்து அதே வேலைதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். அம்மா அப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"ஒயர்தான்க்கா."

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. என்ன ஒயர் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

*

அந்த ஒயர் காருக்குள் வந்தது அப்பா கேட்டதால்தான்.

அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே காரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பழைய கார். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் முள் அதில் கிடையாது. புதிதாகப் பழக வருகிறவர்கள் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். அப்பா ஒருநாளும் கோபித்ததில்லை. "தூங்கிடுச்சா? எழுப்புங்க," என்பார். அந்தப் பேச்சு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மிக்ஸி பாதியில் நின்றால், கரண்ட் போனால், தம்பி பரீட்சையில் கோட்டை விட்டால்கூட, தூங்கிடுச்சா, எழுப்பு.

"சத்தத்தை வெச்சு அவங்களுக்குப் புரிய மாட்டேங்குது," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "நம்பரா கண்ணுல பட்டா புரியுமோ என்னவோ. கடையில கேட்டா யானை விலை சொல்றான். டேய், நீதான் ஊர்ப்பட்ட போனையெல்லாம் பிரிச்சு மேயறியே, இதுக்கு ஒரு வழி பண்ணு."

தம்பி செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். மறுநாளே தீப்பெட்டி அளவில், நிரல் எழுதி இயக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி வந்தான். அவள் இயற்பியல் படித்துவிட்டு ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தாள். ஒயரும் சால்டரும் அவன் பங்கு, கணக்கு அவள் பங்கு என்று பேசிக்கொள்ளாமலே ஆயிற்று.

கணக்கு எளிதுதான். இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் இரண்டு முறை துடிக்கும். காயிலின் முனையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, வழியில் ஒரு ரெசிஸ்டரை வைத்து மின்சாரத்தை அடக்கி, போர்டுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று போர்டு அளக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைச் சிவப்பு எண்களில் காட்டும்.

முதல் நாள், நின்ற இடத்தில் நின்றபடியே வண்டி ஆறாயிரத்தைத் தொட்டது.

"எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்று அப்பா சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். "மேல கிளம்பப் போவுது."

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும், அடித்த மணிபோல, காயில் கொஞ்ச நேரம் அதிர்ந்துதான் ஓய்கிறது. போர்டு அந்த அதிர்வுகளையும் சேர்த்து எண்ணியிருந்தது. ஒன்றை எண்ணியதும் சற்று நேரம் காதைப் பொத்திக்கொள் என்கிற பொருளில் அவள் நிரலில் ஒரு வரி சேர்த்தாள். எண் தடதடவென்று இறங்கி எண்ணூறில் வந்து நின்றது. தம்பி ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அப்பா எண்ணைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடியில் அவளையும், பக்கத்தில் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

பழக வந்தவர்களுக்கு அது உதவியதா என்றால், இல்லை. அவர்கள் ரோட்டை விட்டுவிட்டு எண்ணையே பார்த்தார்கள். ஒரு வங்கி அதிகாரி எண்ணூறை எண்ணூறாகவே வைத்திருக்கும் முனைப்பில் போய் ஒரு குப்பைத் தொட்டியை இடித்தார். அன்று மாலை அப்பா பிஸ்கட் அட்டை ஒன்றை வெட்டி, மடித்து, டிஸ்பிளேயின் பக்கத்தில் ஒரு மறைப்பு ஒட்டினார். ஓட்டுகிறவருக்கு எண் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருக்கும் தனக்கு மட்டும் தெரியும்.

"அவங்க ரோட்டைப் பாக்கட்டும். இதை நான் பாத்துக்கறேன்," என்றார்.

*

நேற்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. "வண்டியை எடுடா" என்று அவர்தான் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

தம்பி ஓட்டினான். அவளும் அம்மாவும் பின்னால். அப்பா தன் வழக்கமான இருக்கையில், அதை முடிந்தவரை சாய்த்துக்கொண்டு கிடந்தார். பயிற்சி வண்டி என்பதால் அந்தப் பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. அத்தனை வலியிலும் அவர் கால்கள் அவற்றின் மேலேயே இருந்தன. தம்பி கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய பாதமும் லேசாக அசைந்தது.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் நின்றது. பழகுகிறவர்கள் நிறுத்தும்போது வருகிற குலுக்கல் இல்லை. விளக்கை அணைத்த மாதிரி நின்றது. தம்பி சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"தூங்கிடுச்சா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"இல்லப்பா, இதோ..."

"எழுப்புடா."

அவன் எழுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, பிளாஸ்டிக் பெட்டிகளை ஒதுக்கி, அப்பாவைப் படுக்க வைத்து எடுத்துப் போனார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு அவள் டாக்டரின் பின்னாலேயே போனாள். முன்பின் தெரியாதவர்களிடம் பேச அவளுக்கு எப்போதும் வாய் வராது. நேற்று வந்தது.

"டாக்டர், கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..."

அவர் நின்றார். பேனாவின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா."

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா என்று அவள் யோசித்தாள். சொல்ல முடியாது என்றால் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அளக்க முடியாதது என்று அர்த்தம்.

*

"பாப்பா." அம்மா அப்பாவின் தலைமாட்டிலிருந்து அழைத்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அப்பா மூக்குக் கண்ணாடி எங்க?"

"பாக்கறேம்மா."

"வண்டியில இருக்கும். எடுத்துட்டு வா. கண்ணாடி இல்லாம வேற யார் மாதிரியோ இருக்கார்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய தடங்கள் இருந்தன. அம்மா அவற்றைத் துடைத்துவிட முடியும் என்பதுபோல முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

தம்பியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அவள் தாண்டும்போது அவன் கால்களை மடக்கி வழி விட்டான். அவள் சாவியை எடுத்ததைப் பார்த்தான்.

காருக்குள் வெயில் அடைந்து கிடந்தது. அப்பாவின் இருக்கை சாய்ந்தபடியே இருந்தது. கண்ணாடி டாஷ்போர்டு அறையில், தம்பியின் கருப்பு டேப் சுருளுக்கும் ஒரு பழைய துண்டுக்கும் நடுவில் கிடந்தது. பிஸ்கட் அட்டையின் ஒரு மூலை பசை விட்டு, எண்கள் தெரிகிற இடத்தின்மேல் தொங்கியது.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போயிருக்கலாம். டேப்பையும் எடுத்தாள். பிறகு கீழே குனிந்து பானெட்டின் கொக்கியை இழுத்தாள்.

முற்றத்தில் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பொதுவாகவே அவளை யாரும் கவனிப்பதில்லை. அது அவளுக்கு எப்போதும் வசதியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் கேட்டார்.

"என்னம்மா தேடற?"

"அப்பா கண்ணாடி, மாமா."

அவர் திறந்திருந்த பானெட்டைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கண்ணாடியையும் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தேட வேண்டியிருக்கவில்லை. காயிலிலிருந்து கிளம்பிய மஞ்சள் ஒயரைத் தம்பி பிளாஸ்டிக் பட்டைகளால் ஒழுங்காகக் கட்டியிருந்தான். நடுவில் ஒரு பட்டை சூட்டில் இற்றுத் தெறித்திருந்தது. அங்கே ஒயர் தொய்ந்து, பேட்டரியைப் பிடித்திருந்த இரும்புப் பட்டியின் விளிம்பில் படுத்திருந்தது. வண்டியின் ஒவ்வொரு அதிர்வுக்கும் அது அந்த விளிம்பில் உரசியிருக்க வேண்டும். மஞ்சள் உறை தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. இரும்பில், அது தொட்ட இடத்தில், மிளகளவு கருப்புப் புள்ளி.

செம்பு இரும்பைத் தொட்டதும் காயிலின் துடிப்பெல்லாம் வண்டியின் உடம்புக்குள் இறங்கிப் போயிருக்கும். தீப்பொறி இல்லை. ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜின் பிடிக்காது.

ஒயர்தான்.

அவள் விரலால் ஒயரை இரும்பிலிருந்து தூக்கினாள். அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது நினைவில் இல்லாமல் இல்லை. நேற்றிலிருந்து அதை அவள் சுற்றி வந்துகொண்டுதான் இருந்தாள்.

ஒயர் இணைத்த அன்று தம்பி சால்டரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, இந்த ரெசிஸ்டரைக் காயில் பக்கத்துல வெக்கவா, இல்ல போர்டு பக்கத்துல வெக்கவா?" அவள் ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க வெச்சாலும் ஒண்ணுதான்டா."

சர்க்யூட் படத்தில் ஒன்றுதான். காகிதத்தில் ஒரு கோடு, அதன் நடுவில் ரெசிஸ்டர். கோட்டின் எந்த இடத்தில் அதை வரைந்தாலும் விடை மாறாது. காகிதத்தில் ஒயருக்கு நீளம் கிடையாது. சூடு கிடையாது, உரசும் விளிம்பு கிடையாது. ஆனால் ரெசிஸ்டர் காயிலின் ஓரமாகவே இருந்திருந்தால், அதற்கப்பால் ஒயர் எங்கே தேய்ந்தாலும், எதைத் தொட்டாலும், இன்ஜினுக்குத் தெரிந்திருக்காது. டிஸ்பிளேயில் எண் மட்டும் காணாமல் போயிருக்கும். அப்பா அதைப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார்.

தம்பி போர்டு பக்கம் வைத்தான். அங்கேதான் மற்ற உதிரிகளும் இருந்தன. பார்க்க அடக்கமாக இருந்தது.

தெருவில் பெரியப்பாவின் குரல் கேட்டது. "இந்தத் தெருதான், உள்ள வா, மஞ்சப் பலகை தெரியும் பாரு," என்று போனில் மெக்கானிக்குக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் டேப்பை இழுத்தாள். தேய்ந்த இடத்தில் அழுந்தச் சுற்றினாள். கைகள் தம்பாட்டுக்கு ஆய்வகத்தில் செய்வதையே செய்தன. கடைசிச் சுற்று முடிந்ததும் டேப்பின் முனையை உள்பக்கம் மடித்து ஒரு சின்னக் காது வைத்தாள், பின்னால் யாராவது பிரிக்க நேர்ந்தால் நகம் வைத்துச் சுரண்ட வேண்டாம் என்று. வீட்டில் அப்படி ஒட்டுகிறவள் அவள் ஒருத்திதான். தம்பி அதற்காகவே அவளை "லேப் ஆயா" என்று கேலி செய்வான்.

அந்தக் காதைப் பார்த்தாள். பிய்த்தாள். கையில் ஒட்டிக்கொண்டதை உதறப் பார்த்து, முடியாமல், முழங்கைக்குக் கீழே தேய்த்துவிட்டு, ஒயரை இரும்பிலிருந்து விலக்கி ரப்பர்க் குழாயோடு சேர்த்துக் கட்டினாள். இரும்பிலிருந்த கருப்புப் புள்ளியை எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. விரலில் கிரீஸை எடுத்து அதன்மேல் தடவினாள்.

பானெட்டை மூடிவிட்டு, அப்பாவின் கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தாள். அதில் கிரீஸ் பட்டது. மறுபடி துடைத்தாள்.

*

மெக்கானிக்கை அப்பா ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்ததும் நேராக உள்ளே போய், செருப்பில்லாத கால்களோடு அப்பாவின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடி போட்ட பிறகு அப்பா அப்பாவாக இருந்தார். "என்ன மாஸ்டர்," என்றார் ஸ்பானர். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாருப்பா," என்றார் பெரியப்பா. "நல்லாப் பாரு. அந்த நம்பர் காட்டற பொட்டியை மாட்டினதுலேருந்துதான் எனக்கு மனசே சரியில்ல. விளையாட்டுச் சாமான் வண்டியில எதுக்குன்னு அன்னைக்கே கேட்டேன்."

ஸ்பானர் பானெட்டைத் தூக்கினார். அவள் ஓரமாக நின்றாள். உள்ளே எல்லாவற்றின்மேலும் தூசியும் எண்ணெயும் படிந்திருந்தன. டேப் சுற்றிய இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

அவர் விரல்கள் பேட்டரி முனைகளைத் தொட்டன, காயிலைத் தொட்டன, மஞ்சள் ஒயர் வழியாகப் போய் டேப்பின்மேல் நின்றன. ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அருகில் இருந்த இரும்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். விரலில் வந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை.

"சாவி."

அவள் கொடுத்தாள்.

அவர் உட்கார்ந்து திருகினார். திருகின உடனே இன்ஜின் பிடித்தது.

கூடத்தில் அழுகைச் சத்தம் நின்றது. தினமும் மாலையில் அப்பா வரும்போது வாசலில் கேட்கிற இன்ஜின் சத்தம் அது. ஜன்னல் வழியாக அம்மாவின் முகம் தெரிந்தது. வாசல் பக்கம் திரும்பியிருந்தவள், மெதுவாகத் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஒயரைக் கட்டும்போது அவளுக்கு இது தோன்றவே இல்லை. ஒயரை அப்படியே விட்டிருந்தால் ஸ்பானர் கண்டுபிடித்திருப்பார். சரி செய்தால் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள். நேற்று எழுப்பி எழுப்பி எழாத வண்டி, அவள் கைபட்ட பிறகு முதல் திருகிலேயே எழுந்தால் என்ன அர்த்தம் என்று ஒருவனுக்குத் தெரியும்.

தம்பி வாசற்படிக்கு வந்து நின்றிருந்தான்.

"ஏன்யா, இப்ப உடனே ஆவுது?" பெரியப்பா காரைச் சுற்றி வந்தார். "நேத்து ஏன் ஆகல?"

ஸ்பானர் இன்ஜினை ஓடவிட்டபடி இறங்கினார். "பெட்ரோல் அதிகமா இறங்கி அடைச்சிருக்கும்ண்ணே. பழைய வண்டி. பதட்டத்துல திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணா இன்னும் அடைச்சுக்கும். ராத்திரியெல்லாம் நின்னுதுல்ல, காஞ்சிருச்சு."

"அப்ப அந்தப் பொட்டி?"

"அது பாட்டுக்கு அது. இன்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பெரியப்பா கொஞ்ச நேரம் ஓடும் இன்ஜினையே பார்த்தார். எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர், அது கையோடு வந்துவிட்டதுபோலத் தளர்ந்தார். "யாரையும் சொல்றதுக்கு இல்ல," என்றார். "யாரைச் சொல்றது." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வண்டியைத் தெருமுனையில போட்டுடறேன்," என்று ஸ்பானர் கதவைப் பிடித்தார்.

"நான் எடுக்கறேன்ண்ணா."

நேற்றுக்குப் பிறகு தம்பியின் குரலை இப்போதுதான் கேட்கிறாள். அவன் படியிறங்கி வந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். கார்க் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"அக்கா. வா."

*

அவள் அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தாள். அது சாய்ந்தே இருந்தது. நிமிர்த்தாமல், முதுகு படாமல் முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கால்களுக்குக் கீழே அப்பாவின் பெடல்கள். பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தம்பி பின்னால் பார்த்து மெதுவாக எடுத்தான். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். தெருமுனையில், ஒரு நீளமான மதில் நிழலில் நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை.

"எவ்வளவு காட்டுது?"

ஓட்டுகிற பக்கத்திலிருந்து எண் தெரியாது. அவள் பக்கத்திலும் அட்டையின் மூலை தொங்கி மறைத்தது. ஒரு விரலால் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"எண்ணூறு." எண் கொஞ்சம் நடுங்கியது. "எண்ணூத்திப் பத்து. எண்ணூறு."

அவன் தலையாட்டினான். சாவியைத் திருப்பினான். சத்தம் நின்றதும் தெரு பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. எண்கள் அணைந்தன. அவள் விரலை எடுத்தாள். அட்டை மறுபடி தொங்கியது.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். ஆள்காட்டி விரலில் தோல் உரிந்த இடம் சிவந்திருந்தது.

"அக்கா."

"ம்."

"நேத்து பெட்ரோல் வாசனை அடிச்சுதா?"

பெட்ரோல் அடைத்தால் வண்டிக்குள் உட்கார முடியாத அளவுக்கு வாசனை தூக்கும். அது இருவருக்கும் தெரியும். நேற்று வண்டிக்குள் வேர்வை வாசனை இருந்தது. அம்மா அப்பாவின் நெஞ்சில் தேய்த்த தைலத்தின் வாசனை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"அடிச்சுது," என்றாள்.

"அடிச்சுதா?"

"பின்னாடி உக்காந்திருந்தேன்ல. நல்லாவே அடிச்சுது. நீ இருந்த பதட்டத்துல உனக்குத் தெரிஞ்சிருக்காது."

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. குரல் சரியாக வந்ததா என்று தெரியவில்லை. எங்க வெச்சாலும் ஒண்ணுதான்டா என்று சொன்னதை அவன் நினைவில் வைத்திருக்கிறானா என்றும் தெரியவில்லை. அதை அவன் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லலாம். ஒயர்தான்க்கா என்று மட்டும்தான் சொன்னான். அவள் பேச்சைக் கேட்டு வைத்தது என்று சொல்லவில்லை, தான் கட்டியது என்றும் சொல்லவில்லை.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, தோலோடு ஒட்டிக்கொண்டு, நகமளவு கருப்பு டேப். ஒரு முனை உள்பக்கமாக மடிந்திருந்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் அதை நகத்தால் நெம்பி, வலிக்காமல், மெதுவாக உரித்தான். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை திருப்பினான். மடிப்பைப் பிரித்து நீவினான். பிறகு எட்டி, தொங்கிக்கொண்டிருந்த அட்டையின் மூலையைத் தூக்கி நேராக்கி, அந்தத் துண்டை அதன்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினான்.

தெருவின் மறுமுனையில் அப்பாவை எடுத்துப் போகிற பெரிய வண்டி திரும்பி உள்ளே வந்தது. யாரோ கையைக் காட்டி அதற்கு வழி சொன்னார்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள். அவன் கட்டைவிரலை இன்னும் எடுக்கவில்லை.